தண்டனையில் பிழை நேர்ந்தால்: கருணை வேறு, திருத்தம் வேறு

நீண்ட காலமாகச் சிறையில் இருக்கும் நம் சமுதாயத்துக் கைதிகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் மேடைகளில் ஒலிக்கும் சொல் 'விடுதலை'. தேர்தல் நெருங்கினால் அது இன்னும் உரக்கக் கேட்கும். அந்த ஒரே சொல்லுக்குள் இரண்டு தனித்தனிக் கோரிக்கைகள் இருக்கின்றன. "தண்டனை விதித்தது சரி, அனுபவித்தது போதும், மீதியைத் தள்ளுபடி செய்யுங்கள்" என்பது ஒன்று. "விதித்த தண்டனையிலேயே சட்டப் பிழை இருக்கிறது, அதைச் சரிசெய்யுங்கள்" என்பது மற்றொன்று. முன்னது அரசிடம் கேட்கும் கருணை. பின்னது நீதிமன்றத்தில் கேட்கும் உரிமை.

இரண்டுக்கும் கதவு வேறு, மனு வேறு, காலக்கெடு வேறு. கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் மகனையோ கணவனையோ சிறையில் விட்டுவிட்டு அலையும் குடும்பங்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். தெரியாததால் ஆண்டுகள் வீணாகும் என்பதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளே சாட்சி.

விடுபட்ட ஒரு வரி

உத்தரப் பிரதேசத்தின் ஹாப்பூரைச் சேர்ந்த இக்ராம் என்பவர் மீது மின் சாதனங்களைத் திருடியதாக ஒன்பது வழக்குகள். குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு வழக்கிலும் இரண்டாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அந்த ஒன்பது தண்டனைகளும் ஒரே காலத்தில் கழியும் என்ற ஒரு வரி தீர்ப்பில் இல்லை. விளைவு, ஒன்றன்பின் ஒன்றாகப் பதினெட்டு ஆண்டுகள் என்று சிறை நிர்வாகம் கணக்கிட்டது. அலகாபாத் உயர் நீதிமன்றமும் தலையிட மறுத்தது. கடைசியில் 2022 டிசம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம், தண்டனைகள் அனைத்தும் ஒரே காலத்தில் கழிய வேண்டும் என்று உத்தரவிட்டது. அதற்குள் அவர் மூன்றாண்டுகளைச் சிறையில் கழித்திருந்தார்.

சட்டம் இந்த இடத்தில் கறாரானது. ஒரே விசாரணையில் பல குற்றங்களுக்குத் தண்டனை விதித்தாலும், வெவ்வேறு வழக்குகளில் விதித்தாலும், 'ஏக காலத்தில்' என்று நீதிபதி எழுதவில்லை என்றால் பொதுவாக அவை ஒன்றன்பின் ஒன்றாகவே கழியும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 31, 427 ஆகிய பிரிவுகள் இதைச் சொல்லின. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அவை 25, 467 ஆகிய பிரிவுகள்.  ஆகவே தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் அந்த வரி இருக்கிறதா என்பதுதான் குடும்பத்தார் முதலில் பார்க்க வேண்டியது.

ஆயுள் தண்டனைக்கு இந்த விதி அப்படியே பொருந்தாது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற முத்துராமலிங்கம் வழக்கில், பல கொலைகளுக்குத் தனித்தனியாக ஆயுள் தண்டனை விதித்து, அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்க வேண்டும் என்று கீழமை நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. 2016 ஜூலை 19 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, அது பிழை என்று தீர்ப்பளித்தது. மனிதனுக்கு இருப்பது ஓர் ஆயுள்தான், அது முடிந்த பின் இன்னோர் ஆயுளைச் சிறையில் கழிக்க முடியாது என்பதே அதன் சாரம். 'இரட்டை ஆயுள்' என்று செய்தித்தாளில் படித்துவிட்டு இடிந்துபோகும் தாய்மார்கள் இந்தத் தீர்ப்பை அறிந்திருப்பது நல்லது.

கோவைக்கு இது புதிய செய்தியும் அல்ல. வ.உ.சிதம்பரனார் செக்கிழுத்தது கோவைச் சிறையில்தான். 1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே அவருக்கு இருபது ஆண்டுகள் வீதம் இரண்டு ஆயுள் தண்டனைகள் விதித்தார், மொத்தம் நாற்பது ஆண்டுகள். மேல்முறையீட்டில் அந்தத் தண்டனை பெருமளவு குறைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தார். அன்றைய ஆங்கிலேய ஆட்சியிலும் முறைப்படி மேல்முறையீடு செய்ததால்தான் அந்த நாற்பது குறைந்தது.

தீர்ப்பளித்த நீதிபதியே ஏன் திருத்துவதில்லை?

"அதே நீதிபதியிடம் போய்ச் சொன்னால் மாற்றித் தரமாட்டாரா?" என்று பலர் கேட்கிறார்கள். மாட்டார், சட்டம் அவருக்கு அந்த அதிகாரத்தைத் தரவில்லை. தீர்ப்பில் கையெழுத்திட்டுவிட்டால், எழுத்துப் பிழையும் கணக்குப் பிழையும் தவிர வேறு எதையும் அந்த நீதிமன்றம் மாற்றக் கூடாது. பழைய சட்டத்தின் 362-ஆம் பிரிவு, புதிய சட்டத்தின் 403-ஆம் பிரிவு இதைச் சொல்கின்றன. ஏழாண்டு என்பது பதினேழாண்டு என்று தட்டச்சாகியிருந்தால் அதே நீதிமன்றத்தில் மனுப் போட்டுத் திருத்தலாம். ஏழாண்டு அதிகம் என்று வாதாட அங்கே இடமில்லை, மேல் நீதிமன்றம் செல்ல வேண்டும்.

நம் ஃபிக்ஹு மரபை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. ஓர் இஜ்திஹாதின் பேரில் தரப்பட்ட தீர்ப்பை இன்னோர் இஜ்திஹாதைக் கொண்டு கலைப்பதில்லை என்பது ஃபகீஹ்களின் அறியப்பட்ட விதி. நாளுக்கொரு கருத்தாகத் தீர்ப்பு மாறினால் வழக்குகள் ஒருபோதும் முடிவுக்கு வராது, வலுத்தவன் கேட்டுக்கொண்டே இருப்பான். அதே மரபில், கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு எழுதியதாக அறிவிக்கப்படும் கடிதமும் இருக்கிறது. நேற்றுத் தந்த தீர்ப்பு, இன்று உண்மை தெளிந்தபின் அதன் பக்கம் திரும்புவதற்குத் தடையாக இருக்கக் கூடாது என்பது அதன் கருத்து. முடிவும் வேண்டும், திருத்தமும் வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்துக் காக்கவே, அதே நாற்காலியில் இருப்பவரிடமிருந்து எடுத்து மேலே உள்ள நீதிமன்றத்திடம் திருத்தும் வேலையை ஒப்படைக்கிறார்கள்.

கதவுகளும் காலக்கெடுவும்

முதல் கதவு மேல்முறையீடு. மாஜிஸ்திரேட் தீர்ப்பை எதிர்த்து செஷன்ஸ் நீதிமன்றம் செல்ல 30 நாட்கள். செஷன்ஸ் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் செல்ல 60 நாட்கள். மரண தண்டனை என்றால் 30 நாட்கள். கெடு தாண்டினாலும் தக்க காரணம் காட்டி, தாமதத்தை மன்னிக்கக் கோரலாம். குற்றம் நிரூபணமானது சரி, தண்டனை மட்டும் அதிகம் அல்லது சட்டத்துக்குப் புறம்பானது என்றும் மேல்முறையீட்டில் வாதாடலாம். வெளியே ஆள் இல்லாத கைதி, சிறை அதிகாரியிடமே மேல்முறையீட்டு மனுவைக் கொடுக்கலாம், அவர் அதை அனுப்பியாக வேண்டும். இந்தக் கதவு ஒரு பக்கம் மட்டும் திறப்பதில்லை. தண்டனை போதவில்லை என்று அரசும் மேல்முறையீடு செய்ய முடியும். பாதிக்கப்பட்டவரின் கண்ணீருக்கும் அங்கே இடம் உண்டு, இருக்கவும் வேண்டும்.

உயர் நீதிமன்றத்தில் அடிக்கடி திருத்தப்படும் ஒரு பிழையைக் குறிப்பிட வேண்டும். கொலை வழக்கில், இத்தனை ஆண்டுகளுக்குத் தண்டனைக் குறைப்பே கிடையாது என்றோ, சாகும்வரை வெளியே விடக் கூடாது என்றோ செஷன்ஸ் நீதிபதி எழுத முடியாது. அந்த அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டுமே உண்டு என்று, ராஜீவ் கொலை வழக்குக் கைதிகள் தொடர்பான ஸ்ரீஹரன் வழக்கில் 2015 டிசம்பர் 2 அன்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. சில பாலியல் குற்றப் பிரிவுகளில் 'எஞ்சிய ஆயுள் முழுவதும்' என்று சட்டமே எழுதியிருக்கிறது, அது தனி.

கடைசிக் கதவுகள் உச்ச நீதிமன்றத்தில் உள்ளன. மறுஆய்வு மனுவுக்கு 30 நாட்கள் கெடு. அதுவும் தள்ளுபடியானால் சீராய்வு மனு என்ற மிகக் குறுகிய வழி ஒன்று 2002 முதல் இருக்கிறது. மறுஆய்வு மனுவை நீதிபதிகள் தம் அறையில் தாள்களைப் படித்தே முடிவு செய்வது வழக்கம். செங்கோட்டைத் தாக்குதல் வழக்கில் மரண தண்டனை பெற்ற முகமது ஆரிஃப் இதை எதிர்த்தார். 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், மரண தண்டனை வழக்குகளில் மட்டும் மறுஆய்வைத் திறந்த நீதிமன்றத்தில் வாதம் கேட்டே முடிவு செய்ய வேண்டும் என்றது. அவருடைய சொந்த மறுஆய்வு 2022 நவம்பரில் தள்ளுபடியாகிவிட்டது. ஆனால் அவர் பெற்றுத் தந்த வாய்ப்பு கொங்கு நாட்டின் ஒரு பெரிய வழக்கைத் திருப்பிப் போட்டது.

2000 பிப்ரவரி 2 அன்று, ஜெயலலிதா தண்டிக்கப்பட்ட செய்தி கேட்டு வெறிகொண்ட கட்சிக்காரர்கள் தர்மபுரி அருகே இலக்கியம்பட்டியில் ஒரு பேருந்துக்குத் தீ வைத்தார்கள். கல்விச் சுற்றுலா சென்று திரும்பிய கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவியர் மூவர் எரிந்து இறந்தார்கள். மூன்று பேருக்கு 2007-இல் சேலம் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2010 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. எல்லாம் முடிந்தது என்று நாடே நினைத்தது. ஆனால் 2016 மார்ச் 11 அன்று அதே உச்ச நீதிமன்றம் மறுஆய்வில், இது முன்கூட்டித் திட்டமிட்ட கொலை அல்ல, கும்பல் வெறியில் நிகழ்ந்தது என்று கருதி மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களின் வேதனையை எந்தத் தீர்ப்பும் ஆற்றாது. ஆனால் உயிரைப் பறிக்கும் தண்டனையில் பிழை இருந்தால் அதைத் திருத்தும் கதவு கடைசி நாள்வரை திறந்திருக்க வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. தூக்கிலிட்டபின் திருத்த முடியாது.

மறுஆய்வு இரண்டாவது மேல்முறையீடு அல்ல என்பதையும் கோவையே நமக்குக் காட்டியது. 2010 அக்டோபரில் கோவையில் பள்ளிக்குக் கிளம்பிய அக்காவும் தம்பியும் கடத்திக் கொல்லப்பட்ட வழக்கில், 2019 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மரண தண்டனையை உறுதி செய்தது. நீதிபதி சஞ்சீவ் கன்னா மட்டும், தண்டனைக் குறைப்பில்லாத ஆயுள் போதும் என்றார். நவம்பர் 7 அன்று மறுஆய்விலும் அதே இரண்டுக்கு ஒன்று. ஒரு நீதிபதியே மாறுபட்டாலும் அது தானாகப் 'பிழை' ஆகிவிடாது. தண்டனை பிடிக்கவில்லை என்பது வேறு, தண்டனையில் சட்டப் பிழை இருக்கிறது என்பது வேறு. வக்கீலிடம் போவதற்கு முன் குடும்பங்கள் இதைத் தமக்குள் தெளிவுபடுத்திக்கொள்வது பணத்தையும் காலத்தையும் மிச்சப்படுத்தும்.

எப்போதும் மூடாத கதவு: வயது

ஒரே ஒரு பிழைக்குக் காலக்கெடு இல்லை. குற்றம் நடந்த நாளில் 18 வயது நிரம்பாதவராக இருந்தால், வழக்கு முற்றிலும் முடிந்து தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தாலும் எந்த நீதிமன்றத்திலும் அதை எழுப்பலாம். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 9-ஆம் பிரிவில் இதைச் சொல்கிறது.

2025 ஜனவரி 8 அன்று வந்த ஓம் பிரகாஷ் வழக்குத் தீர்ப்பை எல்லோரும் அறிய வேண்டும். 1994-இல் டேராடூனில் நடந்த கொலைகளுக்காக அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் குடியரசுத் தலைவர் அதை ஆயுளாகக் குறைத்தார். குற்றம் நடந்தபோது அவருக்கு வயது 14. அதை அவர் தொடக்கத்திலிருந்தே சொல்லிவந்தும் எந்த நீதிமன்றமும் முறையாக விசாரிக்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுச் சிறைக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. நீதிமன்றங்களாலேயே ஒவ்வொரு கட்டத்திலும் அவருக்கு அநீதி நேர்ந்தது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு அந்தத் தீர்ப்பை எழுதியவர், நம் ஈரோட்டைச் சேர்ந்த நீதிபதி எம்.எம்.சுந்தரேஷ்.

இந்த வழக்கில் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. கருணை மனு அவர் உயிரைக் காத்தது, ஆனால் சிறையிலிருந்து மீட்கவில்லை. மீட்டது திருத்தம். வயதுக்கு முதல் சான்று பள்ளிச் சான்றிதழ், அது இல்லையென்றால் உள்ளாட்சி தரும் பிறப்புச் சான்றிதழ், அதுவும் இல்லாதபோதுதான் மருத்துவச் சோதனை. பள்ளியில் சேர்க்கும்போது வாய்க்கு வந்த தேதியைச் சொல்லும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்த ஒரு தேதி பின்னாளில் ஒரு பிள்ளையின் வாழ்வையே தீர்மானிக்கலாம்.

கோவை வழக்கைப் பற்றி

1998 பிப்ரவரி 14 அன்று நடந்த தொடர் குண்டுவெடிப்புகளில் 58 பேர் கொல்லப்பட்டார்கள், இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அப்பாவிகளைக் கொல்வதை மார்க்கம் பெரும்பாவமாகவே காண்கிறது. அந்தக் குடும்பங்களின் இழப்பைச் சிறிதாக்கி எந்த நீதியையும் நாம் கேட்க முடியாது. அதைச் சொன்ன பிறகே இதைச் சொல்கிறோம்: அந்த வழக்கில் தீர்ப்பு வர ஒன்பதாண்டுகள் ஆயின. 2007-இல் தனி நீதிமன்றம் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரைக் குற்றவாளிகள் என்றது. அப்துல் நாசர் மஅதனி ஒன்பதாண்டுச் சிறைவாசத்துக்குப் பிறகு குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். 2009 டிசம்பரில் உயர் நீதிமன்றம், ஆயுள் தண்டனை பெற்றவர்களில் ஒரு பகுதியினரை விடுவித்து, மற்றவர்களின் தண்டனையை உறுதி செய்தது. முதல் நீதிமன்றத்தின் முடிவில் பிழை இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிட அருகில் வேறு சான்று தேவையில்லை.

விசாரணைக் காலத்தில் சிறையில் கழித்த நாட்களைத் தண்டனையில் கழித்துக்கொள்ளும் உரிமை, பழைய சட்டத்தில் 428, புதிய சட்டத்தில் 468. இதன்படி, குறைந்த தண்டனை பெற்ற பலர் 2007-இல் தீர்ப்புக்குப் பின் வெளியே வர முடிந்தது. ஆயுள் கைதிகளுக்கும் இது பொருந்துமா என்பதில் உச்ச நீதிமன்றமே ஒருமுறை பொருந்தாது என்று கூறிவிட்டு, 1985-இல் பகீரத் வழக்கில் அந்தக் கருத்தைத் தானே திருத்திக்கொண்டது. எனவே ஆயுள் கைதியின் பதினான்கு ஆண்டுக் கணக்கில் விசாரணைக் கால நாட்களும் சேர வேண்டும்.

தண்டனை உறுதியானவர்களுக்கு இனி எஞ்சுவது முன்விடுதலை. அது கருணையின் பக்கம். ஆனால் கருணையிலும் பாகுபாடு கூடாது. தர்மபுரி வழக்கின் மூவரும் எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி 2018 நவம்பரில் விடுதலையானார்கள். 2021-இல் அண்ணா பிறந்தநாளையொட்டி 700 ஆயுள் கைதிகளுக்கு முன்விடுதலை அறிவிக்கப்பட்டபோது, மத மோதல் தொடர்பான வழக்குகளில் தண்டிக்கப்பட்டவர்கள் விலக்கப்பட்டார்கள். அதன் பிறகே நீதிபதி ஆதிநாதன் குழு அமைந்தது. அந்தக் குழு 264 பேரைப் பரிந்துரைத்தது. முதற்கட்டமாக 49 பேரின் கோப்புகள் 2023 ஆகஸ்டில் ஆளுநருக்குச் சென்றன. அவர்களில் 20 பேர் முஸ்லிம்கள். ஒவ்வொருவரின் நடத்தையையும் வயதையும் நோயையும் தனித்தனியாகப் பார்த்து முடிவெடுப்பதே நியாயம். வழக்கின் வகையை மட்டும் பார்த்துக் கதவை அடைப்பது நியாயம் ஆகாது. இந்தக் கோரிக்கையை உரக்கச் சொல்வோம். ஆனால் அது அரசின் மனநிலையையும் ஆளுநரின் கையெழுத்தையும் நம்பி நிற்கும் கோரிக்கை.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியது

சிறையில் இருக்கும் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் இப்படிப் பேரெடுத்த வழக்குகளில் இல்லை. திருட்டு, அடிதடி, கஞ்சா, குடும்பத் தகராறு என்று யாரும் கூட்டம் போடாத வழக்குகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பேரணி உதவாது. தாள்களைப் படிக்கும் ஒரு மனிதர் உதவுவார்.

ஒவ்வொரு ஜமாஅத்திலும் ஒரு வக்கீலும், எழுத்து வேலை தெரிந்த இரண்டு இளைஞர்களும் இருந்தால் போதும். தீர்ப்பு நகலைக் கேட்டு வாங்குங்கள். சிறைத்தண்டனை பெற்றவருக்கு அது உடனே இலவசமாகத் தரப்பட வேண்டும். பிறகு ஐந்து கேள்விகள். தண்டனைகள் ஏக காலத்தில் கழியும் என்ற வரி இருக்கிறதா? விசாரணைக் கால நாட்கள் சரியாகக் கழிக்கப்பட்டுள்ளனவா? விதித்த தண்டனை அந்தச் சட்டப் பிரிவு அனுமதிக்கும் அளவுக்குள் இருக்கிறதா? குற்றம் நடந்த நாளில் வயது என்ன? அபராதம் கட்டியாகிவிட்டதா? அபராதம் கட்டாததற்கான கூடுதல் சிறை தனியாகச் சேரும், அதில் விசாரணைக் காலத்தைக் கழிக்க முடியாது. சில ஆயிரம் ரூபாய் இல்லாமல் ஒருவர் மாதக்கணக்கில் உள்ளே இருப்பதை பைத்துல்மால் தடுக்கலாம். ஏழைக் கைதிகளின் அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரை தரும் மத்திய அரசுத் திட்டமும் 2023 முதல் இருக்கிறது.

வக்கீல் வைக்க வசதியில்லை என்பது காரணமாக வேண்டாம். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர 1987-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிடுகிறது. கோவை உட்பட ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கு அழைத்தும் கேட்கலாம்.

தீர்ப்பு வந்த அன்று வீடு இழவு வீடு போலாகிவிடும். அழுது ஓய்ந்து, உறவினர் வந்து போய், யாரைப் பார்ப்பது என்று யோசிப்பதற்குள் அறுபது நாட்கள் ஓடிவிடும். அந்த வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போகிறவர்கள், "தீர்ப்பு நகல் வந்துவிட்டதா? கடைசி நாள் எது?" என்றும் கேட்டுவிட்டு வாருங்கள். அநீதி இழைக்கப்பட்டவருக்கும், தவறிழைத்து அதற்குரிய அளவுக்கு மேல் தண்டிக்கப்பட்டவருக்கும் துணை நிற்கும் வாய்ப்பை அல்லாஹ் நம் எல்லோருக்கும் தருவானாக.